நீமோவை வீட்டுக்குக் கொண்டுவரலாமா?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாயார் கேட்கிறார்: “மகனுக்கு எட்டு வயது, தரம் 3 படிக்கிறான். சரியான கார்ட்டூன் பைத்தியம். நீமோ மீன் வாங்கித் தரச் சொல்லி ஒரே பிடிவாதம். கடையில் விசாரித்தால் தொட்டியோடு சேர்த்துத் தலைசுற்றும் விலை சொல்கிறார்கள். இதற்கிடையில் பாடசாலையில் விலங்குகள் பற்றி ஒரு செயற்றிட்டம் கொடுத்திருக்கிறார்கள். இவன் எழுதுவதெல்லாம் படத்தில் பார்த்ததுதான். எது உண்மை, எது கதை என்று எனக்கே பிடிபடவில்லை. மீனை வாங்கலாமா? கார்ட்டூனை நம்பி எழுத விடலாமா?”

மீன் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். இப்போதைக்கு வாங்காதீர்கள்.

‘ஃபைண்டிங் நீமோ’ என்ற கார்ட்டூன் படத்து நீமோ, அதாவது கோமாளி மீன், உப்புநீர் மீன். தண்ணீரின் உப்பளவு கூடக் குறையக் கூடாது. தொட்டி நீர் ஆவியாக ஆவியாக உப்பு ஏறிக்கொண்டே போகும், அதை அளந்து பார்த்து நல்ல தண்ணீர் விட்டுச் சரிக்கட்ட வேண்டும். வெப்பநிலை 24 முதல் 27 பாகை செல்சியஸுக்குள் நிற்க வேண்டும். வடிகட்டியும் மோட்டரும் இரவு பகலாக ஓட வேண்டும். 2022இல் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, அப்படி ஒரு நாள் மறுபடி வந்தால் தொட்டியின் கதி என்ன? “கடல் பக்கத்தில்தானே, ஒரு கேன் அள்ளி வந்தால் போதாதா?” என்று கேட்பவர்களும் உண்டு. வெள்ளவத்தைக் கரையில் கால்வாய்த் தண்ணீரும் வந்து கலக்கிறது, அதை மீனுக்கு ஊற்றாதீர்கள். இன்னொன்று, நன்றாகப் பராமரித்தால் இந்த மீன் பத்து வருடத்துக்கு மேலும் வாழும். மகன் சாதாரண தரப் பரீட்சைக்கு விழுந்து விழுந்து படிக்கும்போது தொட்டியைக் கழுவப்போவது யார் என்று இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள்.

அதே படத்தில் வரும் டோரி வேண்டும் என்று கேட்டால் இன்னும் உறுதியாக மறுத்துவிடுங்கள். அந்த நீல மீன் 30 சென்டிமீற்றர் வரை வளரும். வாலின் அடியில் இரு பக்கமும் சவரக்கத்தி மாதிரி ஒரு முள் உண்டு, கையை நீட்டினால் கிழித்துவிடும். படத்தில் அதைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. மறதியைப் பொறுத்தவரை படத்தைக் குறை சொல்ல மாட்டேன். டோரிக்குத்தான் மறதி நோய், மீன்கள் எல்லாவற்றுக்கும் என்று படம் சொல்லவில்லை. பழகிய இடத்தையும் சாப்பாட்டு நேரத்தையும் மாதக்கணக்கில் நினைவில் வைத்திருக்கும் மீன்கள் இருக்கின்றன.

இன்னோர் ஆபத்தையும் சொல்லிவைக்கிறேன். வடிகால்கள் எல்லாம் கடலில்தான் போய் முடியும் என்று அந்தப் படத்தில் ஒரு மீன் சொல்லும். கொழும்பைப் பொறுத்தவரை அதில் பாதி உண்மை: நகரத்துக் கழிவுநீர் வெள்ளவத்தையிலும் முகத்துவாரத்திலும் குழாய் வழியாகக் கடலுக்குள்தான் விடப்படுகிறது. ஆனால் கழிவறையில் விட்ட மீன் அவ்வளவு தூரம் உயிரோடு போகாது. குளோரின் கலந்த நன்னீர், பிறகு கழிவு, பிறகு பம்பு. மீனை “விடுதலை” செய்யும் யோசனை பிள்ளைக்கு வருமுன் இதை நீங்களே சொல்லிவிடுங்கள்.

இனிக் கார்ட்டூனுக்கு வருவோம். எனக்குத் தெரிந்த சுருக்கமான விடை இதுதான்: உடம்பையும் நடையையும் பெரும்பாலும் நம்பலாம், குடும்பத்தை நம்பாதீர்கள். முகம் இரண்டுக்கும் நடுவில்.

உடம்பு சரியாக வருவது தற்செயல் அல்ல. 1942இல் வெளிவந்த ‘பாம்பி’ என்ற மான்குட்டிக் கார்ட்டூனுக்காக டிஸ்னி ஸ்டூடியோவுக்கு உயிருள்ள மான்குட்டிகளையே கொண்டுவந்து வளர்த்தார்கள். ஓவியர்கள் அவற்றைப் பார்த்துப் பார்த்து வரைந்தார்கள், எலும்பும் தசையும் எப்படி அமைந்திருக்கின்றன என்று அவர்களுக்கு வகுப்பும் நடந்தது. ஃபைண்டிங் நீமோவுக்கு (2003) அடம் சமர்ஸ் என்ற மீனியல் ஆய்வாளர் ஆலோசகராக இருந்தார். சில மீன்கள் நெஞ்சுத் துடுப்பை முன்னும் பின்னுமாக வலித்து நீந்தும், சில மேலும் கீழுமாக அடித்து நீந்தும். டோரி இரண்டாவது வகை. அடுத்த தடவை சத்தத்தை நிறுத்திவிட்டுப் படத்தைப் போட்டு, மகனிடம் துடுப்பை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். வசனம் கேட்காதபோது பிள்ளைகள் கவனிப்பது வேறு மாதிரி இருக்கும்.

முகத்தில்தான் கை வைத்துவிடுகிறார்கள். மீனுக்கு இமை கிடையாது, நீமோ கண் சிமிட்டுகிறான். மானுக்கும் முயலுக்கும் கண்கள் தலையின் பக்கவாட்டில் இருக்கும், பின்னால் வரும் எதிரியைக் காண அதுதான் வசதி. கார்ட்டூனில் அவை மனிதருக்குப் போல முன்னால் வந்துவிடும், மேலே ஒரு புருவமும் முளைக்கும். புருவம் இல்லாமல் கோபத்தைக் காட்டுவது கஷ்டம், அதனால் இதைப் பெரிய குற்றமாக நான் எடுப்பதில்லை. எறும்புக்கு நான்கு கால் வரைவதைத்தான் என்னால் பொறுக்க முடியாது.

குடும்பம் என்று வந்தால் எல்லாமே தலைகீழ். நீமோவையே எடுப்போம். முட்டைகளை அப்பா காவல் காப்பது உண்மை. ஆண் கோமாளி மீன்தான் துடுப்பால் விசிறி, கெட்டுப்போன முட்டையை அகற்றி, பொரிக்கும்வரை பக்கத்திலேயே நிற்கும். காலையில் வெளியே போகுமுன் கடல் அனிமனியில் (பாறையில் ஒட்டி வாழும், பூப்போன்ற ஒரு கடல் உயிரி) உடம்பைத் தேய்த்துக்கொள் என்று தகப்பன் நீமோவுக்குச் சொல்லும் காட்சியும் சும்மா வைத்ததல்ல. அனிமனியின் கொட்டும் இழைகளுக்கு நடுவில் இந்த மீன் பிழைத்திருக்க அதன் உடம்பில் படிந்திருக்கும் சளிப்படலம்தான் உதவுகிறது.

அதற்குப் பிறகுதான் கதை திசைமாறுகிறது. ஓர் அனிமனியில் வாழும் கூட்டத்தில் ஆகப் பெரியது பெண், அடுத்த பெரியது ஆண், மற்றவை இனப்பெருக்கம் செய்யாத சின்ன மீன்கள். பெண் செத்துப்போனால் ஆண் மீன் பெண்ணாக மாறிவிடும், சின்னவற்றில் பெரியது ஆணாகிவிடும். ஆக, முதல் காட்சியில் அம்மா மீன் இறந்த பிறகு மகனைத் தேடி ஊர் ஊராக அலைய வேண்டிய அப்பா, உண்மையில் அம்மாவாக மாறியிருக்க வேண்டும். குஞ்சுகளும் பொரித்த கையோடு திறந்த கடலுக்குள் அடித்துச் செல்லப்படும். பல நாள் மிதந்து திரிந்து, தப்பியவை வேறெங்கோ ஓர் அனிமனியில் போய் ஒட்டிக்கொள்ளும். எது தன் பிள்ளை என்று தகப்பனுக்குத் தெரிய வழியே இல்லை. இதை எட்டு வயதுப் பிள்ளைக்குச் சொல்லலாமா என்று தயங்காதீர்கள். பெரியவர்கள்தான் இதற்குச் சங்கடப்படுவோம், பிள்ளைகள் “அப்படியா!” என்று விட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள்.

சிங்கமும் அப்படித்தான். லயன் கிங்கில் (1994) அரசர், இளவரசர், சித்தப்பாவின் சதி என்று ஒரு முழு அரண்மனையே நடக்கும். உண்மையான சிங்கக் கூட்டத்தின் நிலையான பகுதி பெண்கள்: அம்மா, மகள், சகோதரி, சின்னம்மா. ஆண்கள் வந்து சில வருடங்கள் இருப்பார்கள், பிறகு வேறு ஆண்கள் வந்து துரத்திவிடுவார்கள். அப்படி வரும் புதியவர்கள் பழைய ஆண்களின் குட்டிகளைப் பெரும்பாலும் கொன்றுவிடுவார்கள். அந்த அளவில் சித்தப்பா ஸ்காரின் கொடுமை இயற்கைக்குப் புறம்பானதல்ல. இளவரசன் சிம்பா கூட்டத்தைவிட்டுப் போவதும் சரி, ஆண் குட்டிகள் இரண்டு மூன்று வயதில் வெளியேறத்தான் வேண்டும். ஆனால் திரும்பி வந்து தகப்பனின் சிம்மாசனத்தில் அமர்வது மனிதக் கதை. வில்லனுக்குக் கறுப்புப் பிடரி வைத்தார்களே, அதில்தான் எனக்குச் சிரிப்பு. கிரேக் பெக்கர், பெய்ட்டன் வெஸ்ட் என்ற இரு ஆய்வாளர்கள் தன்சானியாவில் பொம்மைச் சிங்கங்களை நிறுத்திப் பார்த்து 2002இல் எழுதினார்கள்: பெண் சிங்கங்கள் தேடிப் போனது கருமையான பிடரியைத்தான். அழகுப் போட்டி வைத்தால் ஸ்கார் ஜெயித்திருப்பான்.

கழுதைப்புலிகளுக்கு அந்தப் படம் செய்தது பெரிய அநியாயம். அவை திருட்டுக் கூட்டம் அல்ல. புள்ளிக் கழுதைப்புலி தன் இரையில் பெரும்பகுதியைத் தானே வேட்டையாடும், அதைச் சிங்கம் வந்து பறித்துக்கொள்வதும் சாதாரணம். ஆனால் படத்தில் கழுதைப்புலிகளுக்குத் தலைமை தாங்குவது ஷென்சி என்ற பெண். அது அச்சொட்டாகச் சரி, அந்த இனத்தில் பெண்கள்தான் மேலே.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். மடகாஸ்கர் படத்து ஜூலியன் ராஜா வளையவால் லெமூர். அந்த இனத்தில் ராஜா இருக்க வழியில்லை, பெண்களுக்கு முன் ஆண்கள் அடங்கித்தான் போக வேண்டும். பீ மூவியில் ஆண் தேனீக்கள் தேன் சேகரிக்கப் போகின்றன. உண்மையில் வேலை செய்பவை அத்தனையும் பெண், ஆண் தேனீக்குக் கொடுக்கே கிடையாது. இதைப் பிடிப்பது நம் பிள்ளைகளுக்குச் சுலபம். டெங்கு பரப்பும் நுளம்பில் பெண்தான் கடிக்கும் என்று தெரிந்த பிள்ளை “தேனீயில் யார் கொட்டும்?” என்று தானே கேட்கும்.

யானையை மட்டும் அவசரமாகத் தாண்டிப் போக முடியாது, அது நம் நாட்டு விலங்கு. கார்ட்டூன் யானை தும்பிக்கையை உறிஞ்சுகுழலாக வைத்துத் தண்ணீர் குடிக்கும். நிஜ யானை தும்பிக்கையில் தண்ணீரை இழுத்து நிறுத்தி, வாய்க்குள் ஊற்றிக் குடிக்கும். அது மூக்கு, மூக்கால் யாரும் குடிப்பதில்லை. பிறந்து சில மாதங்களேயான குட்டிக்கு அந்த வித்தை கைவராது, மண்டியிட்டு வாயாலேயே குடிக்கும். பின்னவலைக்குப் போனால் மகா ஓயாவில் குட்டிகளைப் பார்த்துக்கொண்டு நில்லுங்கள். கார்ட்டூனில் எல்லா யானைக்கும் தந்தம் இருக்கும். இலங்கையில் பெண்களுக்கு வெளியே தெரியும் தந்தம் இல்லை, ஆண்களிலும் நூற்றுக்குப் பத்துக்கும் குறைவானவற்றுக்கே உண்டு. பெரஹராவில் கொம்பன் யானைக்கு அத்தனை மதிப்பு அதனால்தான். 1967ஆம் ஆண்டின் ஜங்கிள் புக்கில் ஒரு கர்னல் யானை கூட்டத்தை நடத்திச் செல்வார். காட்டில் அந்தப் பதவி வயதான பெண் யானைக்குரியது. அதே படத்தில் இந்தியக் காட்டில் ஓர் ஒராங்குட்டான் ராஜாவாக இருப்பார், அவருக்கு ஊர் போர்னியோவும் சுமாத்திராவும். ஆக, குடும்பத்தோடு ஊரையும் விசாரிக்கப் பழக்குங்கள்.

மகன் ஒரு படத்தைப் பார்த்து முடித்ததும் நீங்கள் கேட்க வேண்டியது இவ்வளவுதான்: இது எங்கே வாழ்கிறது? என்ன சாப்பிடுகிறது? கூட்டத்தில் யார் பெரியவர்? பிள்ளையை யார் வளர்க்கிறார்கள்? முதல் இரண்டுக்கும் புத்தகத்தில் பதில் கிடைக்கும். பிந்திய இரண்டுக்கும் படம் சொல்வதைப் புத்தகத்தோடு ஒத்துப்பார்க்காமல் எழுதவே விடாதீர்கள்.

செயற்றிட்டத்துக்கு என் யோசனை, அவன் நேரில் பார்க்கக்கூடிய விலங்கை எடுப்பது. சிங்கம் என்றால் தெஹிவளை மிருகக்காட்சிச்சாலை இருக்கிறது, பஸ்ஸில் கொஞ்ச நேரம். அதைவிட எனக்குப் பிடித்தது ஊதாமுக மந்தி. உலகத்தில் இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லாத குரங்கு, மகரகம, பிலியந்தலைப் பக்கம் வீட்டுத் தோட்டங்களுக்கே வரும். கரிய முகம், கன்னத்தில் வெள்ளைத் தாடி, நீண்ட வால். டோராவின் புஜ்ஜியைப் பார்த்த பிள்ளைகள் குரங்கு என்றாலே வாழைப்பழம் என்பார்கள். இந்த மந்தி பெரும்பாலும் இலை தின்னி. கார்ட்டூன் குரங்குகள் போல வாலால் தொங்கவும் மாட்டாது, வாலால் பற்றும் குரங்குகள் மத்திய, தென் அமெரிக்காவில்தான். மரம் இல்லாத இடத்தில் மின்கம்பி வழியாகக் கடக்கப் போய் அடிபட்டுச் சாவதும் நடக்கிறது. இதைப் பற்றி ஒரு பக்கம் எழுதினாலே ஆசிரியை நிமிர்ந்து பார்ப்பார்.

பூனைதான் வேண்டும் என்றால் மீன்பிடிப் பூனையை எடுக்கச் சொல்லுங்கள். கொழும்பைச் சுற்றியுள்ள சதுப்பு நிலங்களில் இருக்கிறது. இரவில்தான் நடமாடும், காண்பது அபூர்வம். தண்ணீரைக் கண்டால் தலைதெறிக்க ஓடும் கார்ட்டூன் பூனைக்கு நேர் எதிர், தானே தண்ணீரில் இறங்கி மீன் பிடிக்கும்.

மீன் ஆசைக்கு வழி இல்லாமல் இல்லை. நீமோவின் இனம் இலங்கைக் கடலில் இயற்கையாக இல்லை. ஆனால் அதற்கு உறவான ஒரு கோமாளி மீன், கருமை ஏறிய உடம்பில் வெள்ளைப் பட்டிகளோடு, நம் பவளப்பாறைகளில் இருக்கிறது. விடுமுறைக்கு ஹிக்கடுவைக்கோ திருகோணமலைப் புறாத்தீவுக்கோ போனால், கண்ணாடி போட்டுத் தண்ணீருக்குள் தலையை வைத்தாலே காணலாம். வீட்டுக்கு ஐந்தாறு கப்பி மீன் வாங்கிக் கொடுங்கள். மலிவு, நன்னீர் போதும், நுளம்புக் குடம்பிகளையும் தின்னும். குழாய்த் தண்ணீரை ஒரு நாள் திறந்து வைத்து, குளோரின் போன பிறகு மீனை விடுங்கள். சாப்பாடு இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு மட்டும். வண்ணவாலோடு மினுங்குவது ஆண், பெரிய வயிற்றோடு சாம்பல் நிறத்தில் இருப்பது பெண். மாதம் ஒரு தடவை மாதிரி முட்டையில்லாமல் குட்டியாகவே போடும். அதற்கு முன்பே தொட்டியில் நீர்த்தாவரம் அடர்த்தியாகப் போட்டுவிடுங்கள். குட்டிகளுக்கு ஒளிய இடம் வேண்டும், அவற்றைத் தின்ன வருவது பெரும்பாலும் பெற்ற தாயாகத்தான் இருக்கும்.