ஒரே பட்டம், வெவ்வேறு சம்பளம்

கேள்வி: நான் கேரள எல்லையிலுள்ள கொழிஞ்சாம்பாறையைச் சேர்ந்தவள். நிதியியலில் முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டேன். வாளையாறு தாண்டி, கோவைப் பக்கமுள்ள ஒரு சுயநிதிக் கல்லூரி எம்.பி.ஏ. துறையில் மாதம் நாற்பதாயிரம் தருவதாகச் சொல்கிறது. பெங்களூரிலுள்ள ஒரு தனியார் வணிகப் பள்ளி அதைப்போல் இரண்டரை மடங்கு தருகிறது. மனிதவளத்தில் ஆய்வு செய்த என் தோழிக்கு அதே பள்ளி என்னைவிடக் குறைவாகச் சொல்லியிருக்கிறது. இத்தனை வேறுபாடு ஏன்? "வாத்தியார் வேலைக்குப் பேரம் பேசுவது அழகல்ல" என்கிறார் அண்ணன். பேசலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, பேசலாம். ஆனால் எந்த இடத்தில் எதைப் பேச முடியும் என்பதைத் தெரிந்துகொண்டு பேச வேண்டும்.

தொடக்கச் சம்பளத்தை முதலில் தீர்மானிப்பது உங்கள் திறமையைவிட, அந்த நிறுவனத்தின் வருமானம் எங்கிருந்து வருகிறது என்பதுதான். ஏழாவது ஊதியக் குழுவின்படி உதவிப் பேராசிரியருக்கு நிலை 10-இல் அடிப்படை ஊதியம் 57,700 ரூபாய். அகவிலைப்படியும் வீட்டு வாடகைப்படியும் தனி. சுயநிதிக் கல்லூரிகள் பலவற்றில் இது காகிதத்தில் மட்டுமே இருக்கிறது; எம்.பி.ஏ. இடங்கள் எத்தனை நிரம்பின என்பதைப் பார்த்துத்தான் அங்கே தொகுப்பூதியம் முடிவாகிறது. பெங்களூர்ப் பள்ளியோ லட்சக்கணக்கில் கட்டணம் வாங்குகிறது. பன்னாட்டு அங்கீகாரத்தை விரும்பும் பள்ளிகளுக்கு, ஆய்விதழ்களில் தொடர்ந்து எழுதக்கூடிய முனைவர்கள் கட்டாயம் தேவை.

தோழியின் நிலைக்குக் காரணம் வேறு. நிதியியல் படித்தவரை வங்கியும் முதலீட்டு நிறுவனமும் கூப்பிடும் என்பதால், அவரை வகுப்பறையில் நிறுத்திவைக்கப் பள்ளி கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அமெரிக்காவிலும் கணக்கியல், நிதியியல் துறைகளில் புதிதாகச் சேர்பவர்கள், மனிதவளத்தையும் உள்ளடக்கிய மேலாண்மைத் துறையில் சேர்பவர்களைவிடப் பொதுவாக அதிகமாகவே தொடங்குகிறார்கள். கணக்கியலில் முனைவர்களுக்கு அங்கே நெடுங்காலமாகத் தட்டுப்பாடு. சந்தை விலை ஆண்டு ஊதிய உயர்வைவிட வேகமாக ஏறுவதால், நேற்றுச் சேர்ந்தவர் பத்தாண்டு பணியாற்றியவரைவிடக் கூடுதலாக வாங்கும் விநோதமும் அங்கே உண்டு. அந்த ஊர்ச் சம்பளத்தை யாராவது சொல்லி உங்களை மலைக்கவைத்தால், அது ஒன்பது மாதத்துக்கான தொகையா என்று கேளுங்கள். பல பல்கலைக்கழகங்கள் ஒன்பது மாதத்துக்கே ஒப்பந்தம் போட்டு, ஆய்வில் முனைந்தவர்களுக்குக் கோடைகால உதவியாக அதில் ஒன்பதில் இரண்டு பங்குவரை தனியே தருகின்றன.

அடுத்தது வெளியீடுகள். ஆய்விதழ்களைத் தரம் பிரிக்கும் ஆஸ்திரேலிய ஏ.பி.டி.சி. பட்டியலில் ஏ அல்லது ஏ-ஸ்டார் தரமுள்ள இதழில் ஒரு கட்டுரை இருந்தால், ஏன், திருத்தி மீண்டும் அனுப்பச் சொல்லியிருந்தால்கூட, வணிகப் பள்ளியில் உங்கள் மதிப்பு உயரும். காசு வாங்கிக்கொண்டு போடும் இதழ்களில் வந்த பத்துக் கட்டுரைகளை அங்கே யாரும் எண்ணுவதில்லை.

எல்லையில் இருப்பவர்கள் அடிக்கடி குழம்பும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கேரளத்தில் 'செட்' என்பது மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கான தேர்வு. தமிழ்நாட்டுச் 'செட்' கல்லூரிப் பணிக்கானது, ஆனால் அந்த மாநிலத்துக்குள் மட்டுமே செல்லும். இரு பக்கமும் விண்ணப்பிக்கும் எண்ணம் இருந்தால், நாடு முழுவதும் செல்லும் 'நெட்' தேர்வுத் தகுதி உங்களுக்குக் கூடுதல் பிடிமானம்.

இனி பேரத்துக்கு வருவோம். அரசு ஊதிய விகிதத்தில் பேச இடமே குறைவு. ஐ.ஐ.எம்.களில் முதல் கிரேடு உதவிப் பேராசிரியருக்கு ஊதிய நிலை 12-இல் 1,01,500 ரூபாயில் அடிப்படை ஊதியம் தொடங்குகிறது. ஆனால் பொதுவாக முனைவர் பட்டத்துக்குப் பின் மூன்றாண்டு அனுபவம் கேட்பார்கள். புதியவர்கள் ஒப்பந்த அடிப்படையில், அதற்குக் கீழுள்ள இரண்டாம் கிரேடில்தான் நுழைய வேண்டியிருக்கும்.

தனியாரிடம் சேரும் நாளுக்கு முன்பே பேச வேண்டும், ஏனெனில் பின்னர் வரும் ஒவ்வொரு உயர்வும் அந்த முதல் தொகையின் மேல்தான் ஏறும். பெங்களூர்க்காரர்கள் சொன்னது கையில் வரும் தொகையா, பி.எஃப்., பணிக்கொடை, செயல்திறன் ஊக்கத்தொகை எல்லாம் சேர்ந்த மொத்தக் கணக்கா என்று முதலில் கேளுங்கள். பிறகு ஆண்டுக்கு எத்தனை பாடங்கள், ஆய்வுக்கும் மாநாட்டுக்கும் எவ்வளவு பணம், தரவுத்தளச் சந்தா உண்டா என்று கேளுங்கள். நிதியியலில் ஆய்வு செய்பவருக்குத் தரவுத்தளம் இல்லாத பள்ளி எவ்வளவு கொடுத்தாலும் குறைவுதான். அவர்கள் சம்பளத்தில் இறங்கி வராவிட்டால், முதலாண்டில் ஒரு பாடத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் அது கிடைக்கும்.

கோவைக் கல்லூரியிடம் வேறு கேள்விகள். பல்கலைக்கழக மானியக் குழு உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேர நேரடிக் கற்பித்தலை வகுத்திருக்கிறது. அவர்கள் எத்தனை மணி நேரம் தருகிறார்கள்? ஏப்ரல், மே மாதங்களில் மாணவர் சேர்க்கைக்காக வீடுவீடாக அனுப்புவார்களா? ஆய்வேடு ஏற்கப்பட்டு பட்டம் கைக்கு வந்ததும் ஊதியம் எவ்வளவு உயரும்? வாய்மொழியாகச் சொல்வதை நம்பாமல், நியமன ஆணையில் எழுதித் தரக் கேளுங்கள். அசல் சான்றிதழ்களை அலுவலகத்தில் வைத்துவிட்டுப் போகச் சொன்னால், சரிபார்க்கக் காட்டிவிட்டுக் கையோடு வாங்கி வந்துவிடுங்கள். தர மறுத்தால் அங்கே சேர வேண்டாம்.