வாசகர் கேள்வி – பதில்: இந்த மதகு யாருடைய பொறுப்பு?

கேள்வி: எங்கள் வயல்வெளிக்குச் செல்லும் கிரவல் வீதியில், குளத்து வான் நீர் ஓடும் வாய்க்காலின் மேலிருந்த மதகு இடிந்து இரண்டு காலபோகங்கள் கடந்துவிட்டன. அறுவடை இயந்திரம் உள்ளே வர வழியில்லை. பிரதேச சபை கமநல சேவை நிலையத்துக்கு அனுப்புகிறது. அங்கே போனால் நீர்ப்பாசனத் திணைக்களம் என்கிறார்கள். திணைக்களமோ வீதிக்குரிய மதகு என்று சொல்லிச் சபைக்கே திருப்பி அனுப்புகிறது. நாங்கள் யாரிடம் போவது?
– கமக்கார அமைப்பொன்றின் செயலாளர், ஒட்டுசுட்டான்

பதில்: அந்த மூன்று அலுவலகங்களும் வேண்டுமென்றே உங்களை அலைக்கழிப்பதாக நான் நினைக்கவில்லை. அதிகாரம் பிரிக்கப்பட்டிருக்கும் விதம் அவர்களுக்கு அப்படிச் சொல்ல இடம் கொடுக்கிறது. 80 ஹெக்டேயர் வரையான வயலுக்கு நீர் பாய்ச்சும் சிறு குளங்கள் மத்திய அரசின் கமநல அபிவிருத்தித் திணைக்களத்துக்குரியவை. அதைவிடப் பெரியவையாய் மாகாணத்துக்குள் அடங்கும் குளங்களை, இரணைமடு உட்பட, மாகாண நீர்ப்பாசனத் திணைக்களம் பார்க்கிறது. வீதிகளில் ஏ9, பரந்தன்–முல்லைத்தீவு ஏ35 போன்றவை வீதி அபிவிருத்தி அதிகார சபையிடமும், சி, டி தர வீதிகள் மாகாணத்திடமும், மற்றைய கிராம வீதிகளில் பெரும்பாலானவை பிரதேச சபையிடமும் உள்ளன. ஆகவே வாய்க்காலும் கிராம வீதியும் குறுக்கிடும் ஓர் இடத்தில், சில கோல் நீளமுள்ள ஒரு மதகுக்கு, மூன்று வெவ்வேறு நிதி வழிகள் வந்து முட்டுகின்றன. மூன்றில் எதற்கும் அது தன்னுடையது என்று ஒப்புக்கொள்ள வேண்டிய கட்டாயமில்லை.

இப்படிப்பட்ட சிக்கலை அவிழ்க்க வேண்டிய இடம் மாகாண சபை. 1987 ஆம் ஆண்டில் அரசியலமைப்புக்குக் கொண்டுவரப்பட்ட 13 ஆவது திருத்தம் அதை உருவாக்கிய போதும், வடக்கு மக்கள் தங்களுக்கென ஒரு சபையை முதன்முதலில் தெரிவுசெய்தது 2013 செப்டெம்பரில்தான். அதன் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்த பின்னர் மாகாணத்தின் அலுவல்கள் ஆளுநரின் கீழ் அதிகாரிகளால் நடத்தப்பட்டு வந்திருக்கின்றன. தேர்தல் முறையை மாற்றுவதற்கென 2017 இல் சட்டம் திருத்தப்பட்டது. அதன்படி தயாரான எல்லை மீள்நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்டில் நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வந்தபோது அதற்கு ஆதரவாக ஒரு வாக்குத்தானும் விழவில்லை. பழைய முறை நீக்கப்பட்டு, புதிய முறை நிறைவேறாமல், இரண்டுக்கும் நடுவில் தேர்தல் நின்றுபோனது. உள்ளூராட்சியிலும் இதே கதைதான்: 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்தது, 2025 மே மாதத் தேர்தல் வரை செயலாளர்களே அவற்றை நடத்தினார்கள். கேள்வி கேட்பதற்குத் தெரிவுசெய்யப்பட்ட ஒருவர் இல்லாத காலத்தில் கோப்பு நகராது என்பதை, அந்த இரண்டு ஆண்டுகளில் சபை வாசலுக்குப் போய் வந்த எவருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை.

நீங்கள் இதுவரை வாய்மொழியாகவே கேட்டிருக்கிறீர்கள் என்று கடிதத்திலிருந்து தெரிகிறது. இனி எழுத்தில் கேளுங்கள். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், மூன்று அலுவலகங்களின் தகவல் அலுவலர்களுக்கும் ஒரே நாளில் ஒரே விண்ணப்பத்தைக் கொடுங்கள். ‘மதகை ஏன் திருத்தவில்லை’ என்று கேட்க வேண்டாம்; அதற்கு ‘நிதி இல்லை’ என்ற ஒற்றை வரிதான் பதிலாக வரும். இந்த வீதி உங்கள் வீதிப் பதிவேட்டில் உள்ளதா, அந்தப் பக்கத்தின் பிரதி வேண்டும். இந்த வாய்க்கால் உங்கள் குளப் பதிவுகளில் உள்ளதா, அந்த வரைபடத்தின் பிரதி வேண்டும். மதகுக்கு எப்போதாவது மதிப்பீடு தயாரிக்கப்பட்டிருந்தால் அதன் பிரதியும் வேண்டும் என்று ஆவணங்களைக் கேளுங்கள். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லும் கடமை உங்களுக்கில்லை. விண்ணப்பம் கிடைத்ததற்கான எழுத்துச் சான்றைக் கேட்டு வாங்குங்கள். 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் அறிவிக்கப்பட வேண்டும். மறுத்தாலோ மௌனம் காத்தாலோ அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கும், அதன்பின் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கும் மேன்முறையீடு செய்யலாம்.

மூன்று பதில்களும் கையில் வந்ததும் அவற்றை ஒன்றாக இணைத்து, பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேர்க்கும்படி பிரதேச செயலாளருக்கு எழுதுங்கள். ஒருவரையொருவர் கை காட்டும் அலுவலர்கள் ஒரே மேசையில் அமர்வது அங்கேதான். பொறுப்பு யாருக்கென்று முடிவானால், அந்த முடிவு கூட்ட அறிக்கையில் பதியப்பட்டதா என்று பார்த்து, அதன் பிரதியையும் எடுத்துக்கொள்ளுங்கள். பதியப்படாத முடிவு அடுத்த இடமாற்றத்துடன் போய்விடும். வன்னியில் அலுவலர்கள் நெடுங்காலம் ஒரே இடத்தில் தங்குவது அரிது.

கேள்வி: 2009 இடப்பெயர்வில் எங்கள் காணி அனுமதிப்பத்திரம் தொலைந்துவிட்டது. இப்போது காணியின் பின்புறத்தில் வன இலாகா எல்லைக் கல் நாட்டியிருக்கிறது. பத்திரம் இல்லாததால் பேசப் பயமாக இருக்கிறது.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, துணுக்காய்

பதில்: பயப்பட வேண்டாம். பத்திரம் தொலைந்தால் உரிமையும் தொலைந்ததாகாது. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்படி வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரங்களின் விபரம் பிரதேச செயலகப் பேரேட்டில் இருக்க வேண்டும். பெற்றோரின் பெயரையும் பத்திரம் கிடைத்த ஆண்டையும் குறிப்பிட்டு அந்தப் பதிவின் பிரதியைக் கேளுங்கள். போரில் பேரேடும் அழிந்திருந்தால், கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல், பழைய வாக்காளர் இடாப்பு, கமநல நிலையத்தில் உரமானியம் பெற்ற பதிவு, அயல் காணிக்காரரின் சத்தியக் கடதாசி என்பவற்றைச் சேர்த்து, காணிக் கச்சேரி அல்லது நடமாடும் சேவை நடக்கும் நாளில் கையளியுங்கள். எல்லைக் கல்லைப் பற்றிய ஆட்சேபனையைத் தனிக் கடிதமாகப் பிரதேச செயலாளருக்கும் வன இலாகாவுக்கும் இப்போதே அனுப்பிவிடுங்கள். காணி விடயத்தில் பேசாமலிருந்த ஆண்டுகளைச் சம்மதமாகக் காட்டுவார்கள்.

உங்கள் பயத்துக்குக் காரணம் இல்லையென்று நான் சொல்ல மாட்டேன். 2025 மார்ச்சில் வடக்கில் 5,900 ஏக்கருக்கு மேற்பட்ட காணிக்கு உரிமை கோருவோர் மூன்று மாதங்களுக்குள் முன்வர வேண்டுமென்று வர்த்தமானி வெளியானது. ஆவணங்களைப் பதுங்கு குழியிலும் பாதையோரத்திலும் விட்டுவந்தவர்களிடமும், பிள்ளைகள் புலம்பெயர்ந்துவிட்ட முதியவர்களிடமும் மூன்று மாதத்துக்குள் கேட்பது எவ்வளவு கொடுமை என்பதைக் கொழும்பில் எவரும் முன்கூட்டியே நினைத்துப் பார்க்கவில்லை. எதிர்ப்புக்குப் பின் அது மீளப்பெறப்பட்டது. 13 ஆவது திருத்தம் கூறும் தேசிய காணி ஆணைக்குழு, திருத்தம் வந்து முப்பத்தைந்து ஆண்டுகள் கடந்த பின்னும் அமைக்கப்படாமலே இருந்தது. அது இயங்கியிருந்தால், வனம், வனஜீவராசிகள், தொல்லியல் ஆகிய திணைக்களங்கள் ஒவ்வொன்றும் தன் வரைபடத்தைத் தானே வரைந்துகொள்ளும் நிலைக்கு ஒரு வரம்பாவது வந்திருக்கும்.

கேள்வி: நிர்வாகச் சீர்திருத்தம் என்றால் அரச ஊழியரைக் குறைப்பதுதானா? மற்றைய நாடுகளில் என்ன செய்தார்கள்?
– உயர்தர மாணவர், கிளிநொச்சி

பதில்: ஆட்குறைப்பு செலவைக் குறைக்கலாம்; உங்கள் ஊர் மதகு அதனால் எழும்பாது. கேரளம் 1996 இல் தொடங்கிய மக்கள் திட்டமிடலில், மாநிலத் திட்ட நிதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை உள்ளூர் மன்றங்களிடம் ஒப்படைத்து, எதற்குச் செலவிடுவது என்பதைக் கிராம சபைகளிலிருந்து தீர்மானிக்க வழிசெய்தது. நேபாளம் 2015 அரசியலமைப்பின் கீழ் 753 உள்ளூர் அரசுகளை உருவாக்கி, அவற்றின் அதிகாரங்களை அரசியலமைப்பிலேயே எழுதிவைத்தது. இரண்டு இடங்களிலும் குறைகள் உண்டு. ஆனாலும் காசும் பொறுப்பும் ஒரே கையில் இருப்பதால், தவறு நடந்தால் யாரைக் கேட்பது என்று மக்களுக்குத் தெரிகிறது. எங்கள் பிரதேச சபைகளுக்குப் பொறுப்பு இருக்கிறது, அதற்கேற்ற வருமானம் இல்லை. வன்னியில் வியாபாரத் தலங்கள் குறைவு என்பதால் ஆதன வரியும் பெரிதாகக் கிடைப்பதில்லை.

கேள்வி: திணைக்களத்திலிருந்து எனக்கு வந்த கடிதம் முழுவதும் சிங்களத்தில் இருக்கிறது. திருப்பி அனுப்பலாமா?
– வாசகர், பூநகரி

பதில்: திருப்பி அனுப்பாதீர்கள்; அதிலுள்ள காலக்கெடு ஏதாவது ஓடிக்கொண்டிருக்கலாம். பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, தமிழில் தரும்படி பதிவுத் தபாலில் எழுதுங்கள். வடக்கு கிழக்கில் நிர்வாக மொழி தமிழ் என்பதும், தமிழில் எழுதியவருக்குத் தமிழில் பதில் பெறும் உரிமை உண்டு என்பதும் அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயத்தில் உள்ளவை. பதில் வராவிட்டால் அரச கரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறையிடலாம். முறைப்பாட்டையும் தமிழிலேயே எழுதுங்கள்.