பெல்லி டான்ஸ் உடையின் வரலாற்றையும் மேடை ஆட்டத்தையும் கற்க விரும்புகிறேன், எங்கிருந்து தொடங்கலாம்? அந்த உடை பண்டைய எகிப்திலிருந்து வந்ததா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மணி கோத்த மார்க்கச்சு, தாழ இறங்கிய இடுப்புப்பட்டை, நீளப் பாவாடை என்று நாம் திரைப்படங்களில் பார்க்கும் அந்த ஈருடைக்கு ஏறத்தாழ நூறு வயதுதான் ஆகிறது. பிரமிடுக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. எகிப்தில் அதன் பெயர் பெத்லா. ஆண்கள் அணியும் கோட்டு சூட்டுக்கும் அரபியில் அதே சொல்தான் என்பதை முதன்முதலில் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. (லக்னோவின் பத்லா சரிகை வேலையோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்; ஒலி மட்டுமே ஒன்றுபோல இருக்கிறது.) பெல்லி டான்ஸ் என்ற பெயரும் வெளியார் இட்டதே. மேடை வடிவத்தை எகிப்தியர் ரக்ஸ் ஷர்கி, அதாவது கீழைநாட்டு நடனம் என்கிறார்கள். வீட்டிலும் கல்யாணத்திலும் ஆடுவது ரக்ஸ் பலதி, நம் வழக்கில் சொன்னால் ஊர் ஆட்டம்.

நான் தொழில்முறை நடனக்காரி அல்ல. ஷார்ஜாவில் கணக்கு வேலை பார்க்கிறேன். பதினோரு ஆண்டுகளாக ஓர் எகிப்திய ஆசிரியையிடம் மாலை வகுப்பில் கற்கிறேன். என் அம்மா கும்பகோணத்தில் பரதநாட்டிய உடுப்புத் தைத்துக் குடும்பம் நடத்தியவர் என்பதால் ஊசி பிடிக்க எனக்குத் தெரியும். வகுப்பில் வேறு யாருக்கும் தெரியாது. ஆகவே உடை வேலையெல்லாம் என் தலையில் விழுந்தது, அதன் வழியாகத்தான் வரலாற்றுக்குள் நுழைந்தேன். தொடக்கத்தில் பெரிய தவறு ஒன்று செய்தேன்: ஓவியங்களை ஆதாரமாக நம்பினேன். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு ஓவியர்கள் எகிப்திய ஆட்டக்காரிகளை எக்கச்சக்கமாக வரைந்திருக்கிறார்கள். ழெரோம் 1863-இல் வரைந்த புகழ்பெற்ற ஓவியத்தில் மெல்லிய துணி வழியே வயிறு தெரிய ஒரு பெண் படைவீரர்களின் முன் ஆடுகிறாள். ழெரோம் எகிப்துக்குப் போனவர்தான். ஆனால் பாரிஸ் ரசிகர்களுக்கு எது விலைபோகும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. அத்தகைய ஓவியத்தை அக்காலப் புகைப்படத்தின் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் பழக்கம் வந்த பிறகுதான் எனக்கு எதுவும் விளங்கத் தொடங்கியது.

எழுத்துச் சான்றுகளில் எட்வர்ட் வில்லியம் லேன் என்ற ஆங்கிலேயர் 1836-இல் வெளியிட்ட எகிப்திய வாழ்க்கை வருணனை தவிர்க்க முடியாதது. கவாஸி எனப்பட்ட தெருவாட்டக்காரிகள், நடுத்தரக் குடும்பப் பெண்கள் வீட்டுக்குள் அணிவதையே அணிந்தார்கள் என்று அவர் எழுதுகிறார். உள்ளே மெல்லிய சட்டை, காலுக்குத் தொளதொளத்த ஷிந்தியான் என்ற கால்சராய், மேலே உடலோடு ஒட்டி வெட்டப்பட்ட யெலெக் என்ற நீண்ட அங்கி, கண்ணில் மை, விரல் நுனியில் மருதாணி. அவர்களுக்கென்று தனி ஆட்ட உடை இல்லை என்பதே இதில் முக்கியமானது. துணி சற்று உயர்ந்த ரகமாக இருந்திருக்கும், அவ்வளவே. கவாஸி ஒரு வகுப்பார் என்றால், அவாலிம் எனப்பட்டோர் வேறு. அச்சொல்லுக்குக் கற்றறிந்த பெண்கள் என்று பொருள், முதன்மையாகப் பாடகிகள், வசதியான வீட்டு அந்தப்புரங்களில் பெண்களுக்காகப் பாடியவர்கள். வெளிநாட்டுப் பயணிகள் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பியதால் இன்றும் நம்மிடம் வரும் தகவல்களில் பாதி குழம்பியே இருக்கிறது. 1834-இல் எகிப்தை ஆண்ட முகம்மது அலி பாஷா பொதுவெளியில் ஆடும் பெண்களைக் கெய்ரோவை விட்டு வெளியேற்றினார். அவர்கள் தெற்கே கெனா, எஸ்னா, அஸ்வான் பக்கம் போனார்கள். 1850-இல் பிரெஞ்சு எழுத்தாளர் ஃப்ளோபேர் ஒரு புகழ்பெற்ற ஆட்டக்காரியை எஸ்னாவில் பார்த்ததற்கு அதுவே காரணம்.

அடுத்ததாக 1893-க்கு வாருங்கள். அந்த ஆண்டு சிகாகோ உலகக் கண்காட்சியில் கெய்ரோத் தெரு என்று ஒரு செட்டு போட்டு, ஆட்டத்தைக் காசு வாங்கிக்கொண்டு காட்டினார்கள். அங்கே எடுத்த புகைப்படங்களில் ஆட்டக்காரிகள் கணுக்கால்வரை பாவாடையும், மேலே குட்டையான கையில்லாச் சட்டையும், அதனடியே வயிற்றை மூடிய மெல்லிய உள்சட்டையும் அணிந்திருக்கிறார்கள். இடுப்பிலிருந்து வேலைப்பாடுள்ள பட்டைகளும் குஞ்சங்களும் தொங்குகின்றன. இதை ஒட்டி எடிசன் நிறுவனம் 1890களின் பிற்பகுதியில் எடுத்த, ஃபாத்திமா என்ற பெண் ஆடும் சில நொடிப் படம் ஒன்று கிடைக்கிறது. அதைக் கட்டாயம் பாருங்கள், அதன் தணிக்கை செய்யப்பட்ட பிரதியையும் சேர்த்துப் பாருங்கள்: மார்புக்கும் இடுப்புக்கும் குறுக்கே வேலி போல வெள்ளைக் கம்பிகள் வரையப்பட்டிருக்கும். மறைக்க அங்கே தோல் ஏதும் தெரியவில்லை, அவள் முழுக்கத் துணி போர்த்தியவள். அன்றைய அமெரிக்கர்களைத் தொந்தரவு செய்தது இடுப்பு தனியாக அசைந்த விதம். உடை குறைந்ததால் இந்த ஆட்டத்துக்குக் கெட்ட பெயர் வந்தது என்று சொல்பவர்களுக்கு நான் இந்தப் படத்தைத்தான் அனுப்புவேன்.

அப்படியானால் வயிறு எப்போது திறந்தது? இங்கேதான் வாதம் நடக்கிறது. 1906-இல் மாட் ஆலன் என்ற ஆட்டக்காரி வியன்னாவில், பைபிள் காலத்து யூதேயாவின் இளவரசி சலோமியாக, மணிகளால் ஆன மார்க்கவசம் அணிந்து ஆடினார். அதே ஆண்டில் நியூயார்க்கில் ரூத் செயின்ட் டெனிஸ், இந்தியக் கோயிலைக் கற்பனை செய்துகொண்டு ராதா என்ற பெயரில் ஏறத்தாழ அதே வடிவ உடையில் ஆடினார். எகிப்து, யூதேயா, இந்தியா எல்லாம் மேற்கத்திய மேடைக்கு ஒரே அலமாரிதான். இந்த வடிவம் ஊமைப்படங்களுக்குள் புகுந்து உலகம் சுற்றியது. 1926-இல் பதியா மஸாப்னி என்ற ஆட்டக்காரி கெய்ரோவில் தம் அரங்கத்தைத் தொடங்கினார். எகிப்தியரும் அயல்நாட்டாரும் அடுத்தடுத்த மேசையில் உட்கார்ந்து பார்க்கும் இடம் அது. ஹாலிவுட்டைப் பார்த்து அவர் அப்படியே நகலெடுத்தார் என்று பலர் எழுதிவிடுகிறார்கள். தையல் தெரிந்தவளாக எனக்கு அது முழு உண்மையாகத் தோன்றவில்லை. பட்டைகள் தொங்கும் கனமான இடுப்புப் பகுதி 1893-இலேயே இருக்கிறது. குட்டைச் சட்டையும் இருக்கிறது. உள்சட்டை போய், குட்டைச் சட்டை சுருங்கி மார்க்கச்சானதுதான் புதிது. என் கணக்கில் பெத்லாவின் கீழ்ப்பாதி உள்ளூர், மேல்பாதி வெளியூர்ச் சரக்கு.

இதை அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னபோது அவர் வியப்படையவில்லை. அவர் வாழ்நாள் முழுவதும் தைத்த விசிறி வைத்த பரத உடுப்பும் ஆதிகாலத்தது அல்ல. 1930களில் அடையாற்றில் ருக்மிணி தேவியின் காலத்தில், மதாம் கசான் என்ற இத்தாலியத் தையற்காரரின் கையும் சேர்ந்து உருவானது. இரண்டு உடுப்புகளும் கிட்டத்தட்ட ஒரே காலத்துப் பிள்ளைகள், இரண்டுமே பழமையின் பெயரால் விற்கப்படுகின்றன.

பதியாவின் மேடை பெரியது என்பதால் ஆட்டமும் மாற வேண்டியிருந்தது. பழைய ஆட்டம் ஒரு பாய் விரிக்கும் இடத்துக்குள், நின்ற நிலையில் இடுப்பு பேசும் ஆட்டம். புதிய மேடையில் கைகள் உயர்ந்தன, கால்கள் நடந்தன, முதல் நுழைவுக்கு மெல்லிய முக்காட்டுத் துணி வந்தது. அங்கே வளர்ந்த இருவரை அடுத்தடுத்துப் பார்ப்பது நல்ல பாடம். தஹியா கரியோக்கா பழைய முறையில் ஒரே இடத்தில் அடக்கமாக ஆடுவார். சாமியா கமால் மேடை முழுவதும் மிதப்பார். இருவரும் ஆடிய 1940களின் எகிப்தியப் படக்காட்சிகள் எளிதில் கிடைக்கின்றன. ஒலியை நிறுத்திவிட்டு ஒரு முறை பாருங்கள். பாவாடையின் அகலம் எங்கே சுழற்சிக்கு உதவுகிறது, மணிச்சரம் எங்கே இடுப்பின் வெட்டைப் பெரிதாக்கிக் காட்டுகிறது என்பது அப்போதுதான் கண்ணில் படும். பிறகு 1950களில் எகிப்திய அரசு வயிறு மூடப்பட வேண்டும் என்று விதித்தது. ஆட்டக்காரிகள் அதற்குக் கண்டுபிடித்த வழி ஷபக்கா என்ற வலைத்துணி, தோல் நிறத்திலோ உடையின் நிறத்திலோ மெல்லியதாக. சட்டத்துக்கு மூடியிருக்கும், பார்வைக்குத் திறந்திருக்கும். ஆட்டக்காரியின் வயிற்றில் மெல்லிய கோடுபோல வலையின் ஓரம் தெரிந்தால், படம் அந்த விதிக்குப் பிந்தியது என்று ஊகிக்கலாம்.

வரலாற்றைப் படித்து அறிவதைவிட ஓர் இடுப்புப்பட்டை தைத்துப் பார்ப்பது எனக்கு அதிகம் கற்றுத் தந்தது. என் முதல் பட்டையின் படத்தை அனுப்பியபோது, பாசிமணி வேலையை அம்மா பாராட்டுவார் என்று காத்திருந்தேன். “ஏண்டி, உள்ளே கேன்வாஸ் எத்தனை அடுக்கு வைத்தாய்?” என்றுதான் கேட்டார். ஓர் அடுக்குதான் வைத்திருந்தேன். மணிகளின் கனத்தில் அது பத்தே நாளில் சுருண்டது. மார்க்கச்சிலும் கடையில் வாங்கியதன் எலாஸ்டிக் வாரை அப்படியே விட்டிருந்தேன். கனம் ஏறியதும் அது ஒவ்வொரு அடிக்கும் துள்ளியது. எலாஸ்டிக்கை வெட்டிவிட்டு நீளாத நாடா வைக்க வேண்டும் என்பது எந்த வரலாற்று நூலிலும் இல்லை. ஒவ்வொரு சரத்தையும் தனித்தனியாக முடிச்சிட வேண்டும். ஒரே நூலில் ஓட்டிக்கொண்டே போனால் ஓரிடத்தில் அறுந்தவுடன் மேடை முழுக்க மணி உருளும், அடுத்து ஆட வருபவர் அதில் வழுக்குவார். சரத்தின் நீளமும் ஆட்டத்தைத் தீர்மானிக்கிறது. நீளமான சரம் ஊஞ்சல் கயிறு போல மெதுவாக ஆடும், இடுப்பு நின்ற பிறகும் ஆடிக்கொண்டே இருக்கும். வேகமான நடுக்கத்துக்குக் குட்டைச் சரமே எடுப்பாகத் தெரியும். தபலாத் தனி ஆவர்த்தனத்துக்கு (எகிப்தியர் தபலா என்பது நம் தபலா அன்று, கோப்பை வடிவ ஒற்றைக் கொட்டு) நீளச் சரம் கட்டிக்கொண்டு ஆடியபோது, என் நிறுத்தங்கள் எல்லாம் மழுங்கித் தெரிந்தன; தவறு என் இடுப்பில் இருக்கிறது என்று ஒரு மாதம் பயிற்சி செய்துகொண்டிருந்தேன்.

அவமானமும் ஒன்று உண்டு. ஒரு குடியிருப்புச் சங்க விழாவில் பட்டையின் ஒற்றைக் கொக்கி நடு ஆட்டத்தில் விட்டுவிட்டது. இடது கையால் இடுப்பைப் பிடித்தபடியே, அது நடனத்தின் பகுதி என்பதுபோல மீதி இரண்டு நிமிடத்தையும் ஆடி முடித்தேன். அன்றிலிருந்து இரண்டு வரிசைக் கொக்கியும், பட்டையைப் பாவாடையோடு சேர்த்து நான்கு ஊக்கும் இல்லாமல் மேடை ஏறுவதில்லை.

பெத்லா மட்டுமே இந்த ஆட்டத்தின் உடை என்று நினைத்துவிட வேண்டாம். பலதி ஆட்டத்துக்குக் கலாபியா என்ற நீண்ட தொளதொள அங்கியும் இடுப்பில் ஒரு துண்டும் போதும். ஃபீஃபி அப்து என்ற எகிப்திய ஆட்டக்காரி கலாபியாவில் ஆடுவதைப் பார்த்தால், தோல் தெரியாமலே ஓர் அரங்கத்தைக் கட்டிப்போட முடியும் என்பது புரியும். கலாபியா அணிந்தவுடன் என் ஆட்டமே தரையை நோக்கி இறங்கியதை நான் கவனித்தேன். கைகள் தாமாகத் தாழ்ந்தன. 1959-இல் எகிப்தில் மஹ்மூத் ரெதா என்ற நடன அமைப்பாளர் தொடங்கிய குழுவும் ஈருடையைத் தவிர்த்து, கிராமப்புற உடைகளை மேடைக்கேற்ப மாற்றிக்கொண்டது. அதன் முதன்மை ஆட்டக்காரி ஃபரீதா ஃபஹ்மியின் அக்காள் நதீதா அவ்வுடைகளை வடிவமைத்தார். ஆக, கிராமிய உடை என்று பெயர்பெற்றதும் ஒருவர் மேசையில் உட்கார்ந்து வரைந்ததுதான். துணிகளில் அஸ்யூத் நகரத்தின் தெல்லி என்பதை ஒருமுறையாவது கையில் எடுத்துப் பாருங்கள். வலைத்துணியில் தட்டையான உலோக இழையைச் செருகி மடித்து நசுக்கி உருவம் இடுவார்கள்; உடலில் அது வழியும் விதமும், கனமும் வேறு எந்தத் துணிக்கும் வராது.

அமெரிக்காவில் 1987-இல் கரோலினா நெரிச்சியோ தொடங்கிய குழுவின் பாணியை எகிப்திய மரபு என்று எண்ணிப் பலர் ஏமாறுகிறார்கள். அதில் நம் சோளியும், ராஜஸ்தானப் பாவாடையை நினைவூட்டும் அகலப் பாவாடையும், ஆப்கானிஸ்தானத்தின் கூச்சி நாடோடிகளின் நகைகளும் கலந்திருக்கின்றன. அழகான பாணிதான், ஆனால் உடை வரலாற்றுக்கு அதை ஆதாரமாகக் கொள்ளக் கூடாது.

எனவே உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். முதல் ஆறு மாதம் பெத்லா வாங்காதீர்கள். ஒரு பருத்திக் கலாபியாவும் மணியில்லாத இடுப்புத் துண்டும் போதும்; மணி இல்லையென்றால் இடுப்பு உண்மையில் அசைகிறதா என்பது உங்களுக்கும் ஆசிரியருக்கும் தெளிவாகத் தெரியும். மக்ஸூம் என்ற அடிப்படைத் தாளத்தைத் தும்-தக்-தக்-தும்-தக் என்று வாயால் சொல்லிப் பழகிய பிறகு, சாகாத் எனப்படும் விரல் தாளங்களைக் கட்டுங்கள்: இரு கைகளின் கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்குமாக நான்கு. படிப்பில் லேனின் நூலும், 1893 புகைப்படங்களும், எடிசன் படமும், 1940களின் எகிப்தியப் படக்காட்சிகளும் இதே வரிசையில் போகட்டும். அதற்குப் பிறகும் சொந்தமாகப் பட்டை தைக்கும் ஆசை இருந்தால், கடைக்காரரிடம் மூன்றடுக்குக்குப் போதுமான கேன்வாஸ் வெட்டித் தரச் சொல்லுங்கள்.