ஓடுபாதையோரம் காத்திருக்கும் வண்டி

கேள்வி: கச்சான் காற்றில் காடு பற்றியெரியும்போது, விமானத்தளத்துத் தீயணைப்பு வண்டியை அங்கே அனுப்பாமல் நிறுத்தி வைப்பது சரியா?
– வாசகி, அக்கரைப்பற்று

பதில்: உங்கள் தவிப்பு நியாயமானதே, ஆயினும் அவ்வண்டி நிற்க வேண்டிய இடம் அதுதான். வாளியில் நீர் மொண்டு, புகையினூடே தாழப் பறக்கும் ஹெலிகொப்டர் எந்நேரமும் பழுதோடு திரும்பக்கூடும். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் நியமப்படி, மீட்பு வண்டி ஓடுபாதையின் எப்பகுதியையும் 3 நிமிடங்களுக்குள் எட்ட வேண்டும். இலக்கோ 2 நிமிடங்கள். சிந்திய எரிபொருளில் பிடித்த தீ வெறும் நீருக்கு அடங்காது என்பதால், அதன்மேல் போர்வைபோல் படர்ந்து காற்றை மறிக்கும் நுரைக்கரைசலையும் அது சுமந்து நிற்கிறது. தாங்கி வெறுமையாகிக் காட்டில் நிற்கும் வண்டியால், விமானிக்கு உதவ முடியாது. காட்டுத் தீக்கு வேறு வண்டிகளையே அனுப்ப வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.