யு.எஸ்.சி. அணியின் தடுப்பாட்டம் ஏன் சறுக்கியது? கேள்வி பதில்

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் லாஸ் ஏஞ்சலஸின் யு.எஸ்.சி. (தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) ட்ரோஜன்ஸ் அணியைப் பல வருடங்களாகப் பின்தொடர்கிறேன். லிங்கன் ரைலி 2021 நவம்பர் கடைசியில் ஓக்லஹோமாவிலிருந்து தலைமைப் பயிற்சியாளராக வந்தபின் அணி புள்ளிகளைக் குவித்தது, எதிரணியையும் குவிக்கவிட்டது. இதைப் பற்றிய கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தேன். 2022 முதல் 2024 வரையிலான மூன்று சீசன்களை வைத்துப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: நான் இந்த ஆட்டத்துக்குப் புதியவன். ஒரு அணியின் டிஃபென்ஸ் மோசம் என்பதை எதை வைத்துச் சொல்கிறார்கள்?

பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு. அதற்குள் பத்து யார்டு முன்னேறினால் மறுபடி நான்கு வாய்ப்பு கிடைக்கும். அந்த முன்னேற்றத்தை நிறுத்துவதுதான் தடுப்பாட்டம். எளிய அளவுகோல், ஒரு ஆட்டத்துக்குச் சராசரியாக எத்தனை புள்ளி விட்டுக்கொடுத்தார்கள் என்பது. யு.எஸ்.சி. 2022-ல் 29.2 புள்ளி கொடுத்தது. 2023-ல் அது 34.4 ஆனது. அதே 2023-ல் தேசியப் பட்டம் வென்ற மிச்சிகன் கொடுத்தது 10.4 மட்டுமே. இதே யு.எஸ்.சி., பீட் கேரல் தலைமைப் பயிற்சியாளராக இருந்த காலத்தில், 2008-ல் ஆட்டத்துக்கு 9 புள்ளிதான் விட்டது. ரே மாவலூகா, பிரையன் குஷிங், கிளே மேத்யூஸ் மூவரும் அந்த அணியின் லைன்பேக்கர்கள் (முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் தடுப்பாளர்கள்). பெயர்பெற்ற தடுப்பாட்டக்காரர்களான ரானி லாட், ஜூனியர் சேயாவ், ட்ராய் பொலமாலு விளையாடிய பல்கலைக்கழகம் இது. அதனால்தான் இங்குள்ள ரசிகர்களுக்கு இவ்வளவு வலிக்கிறது.

கேள்வி: 2022-ல் 11 வெற்றி, 3 தோல்வி. குவார்ட்டர்பேக் (பந்தை வீசித் தாக்குதலை நடத்துபவர்) கேலப் வில்லியம்ஸுக்கு, ஆண்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருதும் கிடைத்தது. அந்த சீசனைப் போய்க் குறை சொல்லலாமா?

அந்த சீசனைத்தான் முதலில் பார்க்க வேண்டும், ஏனென்றால் நோய் அங்கேயே தெரிந்தது. அந்த வருடம் யு.எஸ்.சி. எதிரணியிடமிருந்து 28 முறை பந்தைப் பறித்தது. பறித்ததற்கும் இழந்ததற்குமான வித்தியாசத்தில் நாட்டிலேயே முன்னணியில் இருந்தது. பந்தைப் பறித்தால் எதிரணியின் அந்த முறைத் தாக்குதல் அங்கேயே முடிந்துவிடும், அடுத்த நிமிடம் வில்லியம்ஸ் கையில் பந்து. இது நடந்தவரை யார்டுகள் ஓடியது யார் கண்ணிலும் படவில்லை.

பறிக்க முடியாத நாளில் என்ன ஆனது என்று பாருங்கள். அக்டோபர் 15, சால்ட் லேக் சிட்டியில் யூட்டாவுடன் ஆட்டம். யூட்டாவின் டைட் எண்ட் (மறிக்கவும் பாஸைப் பிடிக்கவும் செய்பவர்) டால்டன் கின்கெய்ட் ஒருவரே 16 முறை பந்தைப் பிடித்து 234 யார்டு எடுத்தார். அவருக்குத்தான் பந்து போகும் என்று அரங்கம் முழுக்கத் தெரியும், ஆனாலும் கடைசிவரை அவரை மறிக்க ஆள் இல்லை. முடிய 48 விநாடி இருக்கையில் குவார்ட்டர்பேக் கேம் ரைசிங் டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டுபோய் ஆறு புள்ளி எடுப்பது) போட்டார். அதன்பின் ஒரு புள்ளி உதையால் சமன் செய்யாமல், பந்தை மறுபடி உள்ளே கொண்டுபோகும் இரண்டு புள்ளிக்கு முயன்று, அதையும் அவரே ஓடி எடுத்தார். 43-42 என்று யூட்டா வென்றது. யு.எஸ்.சி.யை எதிர்த்து நிற்கும் ஒரு பயிற்சியாளருக்கு அந்த நேரத்தில் அந்தத் துணிச்சல் வந்ததற்குக் காரணம் உண்டு. இந்தத் தடுப்பாட்டத்துக்கு எதிராக இரண்டு யார்டு கிடைக்கும் என்று அவருக்கு நம்பிக்கை இருந்தது.

டிசம்பரில் லாஸ் வேகஸில் பேக்-12 (அப்போது யு.எஸ்.சி. இருந்த போட்டிக் குழு) இறுதி, மறுபடி யூட்டா. வென்றிருந்தால் தேசியப் பட்டத்துக்கான நான்கு அணி பிளே-ஆஃப் இடம் கையில். 17-3 என்று முன்னிலை எடுத்த பிறகு 47-24 தோல்வி. வில்லியம்ஸுக்குத் தொடையில் காயம் பட்டது உண்மைதான். ஆனால் அதற்கும் யூட்டா மீதி ஆட்டத்தில் 44 புள்ளி எடுத்ததற்கும் சம்பந்தம் இல்லை.

அப்புறம் 2023 ஜனவரி 2, காட்டன் பவுல் (சீசன் முடிவில் நடக்கும் ஆட்டங்களில் ஒன்று), எதிரணி டுலேன். முடிய ஐந்து நிமிடத்துக்கும் குறைவாக இருந்தபோது யு.எஸ்.சி. 45-30 என்று முன்னே இருந்தது. டுலேன் கடைசியில் 16 புள்ளி எடுத்து 46-45 என்று வென்றது. வெற்றி டச்டவுன் வந்தபோது கடிகாரத்தில் 9 விநாடி. ரன்னிங் பேக் (பந்தோடு ஓடுபவர்) டைஜே ஸ்பியர்ஸ் 205 யார்டு ஓடி 4 டச்டவுன் போட்டார். 45 புள்ளி எடுத்தும் தோற்கிற அணியின் சிக்கலைக் குவார்ட்டர்பேக்கை வைத்துத் தீர்க்க முடியாது.

கேள்வி: பந்தைப் பறிப்பதும் ஒரு திறமைதானே சார்? அதை ஏன் அதிர்ஷ்டம் போலப் பேசுகிறீர்கள்?

திறமை பாதி. பந்தைத் தட்டிவிடப் பழகலாம், பாஸின் போக்கைப் படிக்கலாம். ஆனால் கீழே விழுந்த ஃபம்பிள் யார் பக்கம் உருளும் என்பது கிட்டத்தட்ட பூவா தலையாதான். எதிரணிக் குவார்ட்டர்பேக் தவறாக வீசுவதும் உங்கள் கையில் முழுதாக இல்லை. அதனால் இந்த எண்ணிக்கை ஒரு வருடம் உச்சத்துக்குப் போனால் அடுத்த வருடம் இறங்குவது வழக்கம். 2023-ல் யு.எஸ்.சி.க்கு அதுதான் நடந்தது, பறிப்பு வெகுவாகக் குறைந்தது. விக்கெட் விழும் விழும் என்று எல்லா ஓவரிலும் ஸ்லிப்பில் ஆள் நிறுத்தி பவுண்டரி எல்லையைக் காலியாக விட்ட அணி, விக்கெட் விழாத நாளில் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது.

கேள்வி: அலெக்ஸ் கிரிஞ்ச் என்ற தடுப்பாட்டப் பயிற்சியாளரை எல்லோரும் திட்டினார்கள். அவர் முறையில் என்னதான் தவறு? கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள்.

எதிரணியின் முன்வரிசையில் ஐந்து பேர் நிற்கிறார்கள். அவர்களுக்கு நடுவிலும் ஓரத்திலும் உள்ள ஒவ்வொரு இடைவெளியையும் 'கேப்' என்பார்கள். ரன்னிங் பேக் அதில் ஏதோ ஒன்றின் வழியாகத்தான் வந்தாக வேண்டும். எனவே தடுப்பவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு கேப் பொறுப்பு. பல அணிகள் எடை மிகுந்த ஆட்களை நடுவில் நிறுத்தி, எதிராளியைப் பிடித்து நிற்க வைத்து, பந்து எங்கே போகிறது என்று பார்த்த பிறகு அடிப்பார்கள்.

கிரிஞ்ச் வேகத்தை நம்பினார். ஓரளவு எடை குறைந்த, துள்ளலான முன்வரிசை. பந்து நகர்ந்த கணமே எல்லோரும் ஒரு பக்கமாகச் சாய்ந்து பக்கத்து கேப்புக்குள் பாய வேண்டும். சரியாக விழுந்தால் ஓட்டக்காரர் பின்னாலேயே மாட்டுவார், பந்தும் நழுவும். பார்க்க அருமையாக இருக்கும். தவறாக விழுந்தால் ஒரே கேப்பில் இரண்டு பேர், பக்கத்தில் ஒன்று திறந்த கதவு. பின்னால் நிற்கும் லைன்பேக்கர் அதைக் கணித்து மூட வேண்டும். யு.எஸ்.சி. லைன்பேக்கர்கள் அந்தக் கணிப்பில் தொடர்ந்து தாமதமானார்கள். அதற்கும் பின்னால் இருந்தவர்கள் டேக்கிளில் (ஓட்டக்காரரைப் பிடித்துச் சாய்ப்பதில்) தோளைப் பதிக்காமல் பந்தைத் தட்டக் கையை நீட்டினார்கள். ஐந்து யார்டில் நிற்க வேண்டிய ஓட்டம் நாற்பதானது.

2023 நவம்பர் 4, யு.எஸ்.சி.யின் சொந்த மைதானமான கொலீசியத்தில் வாஷிங்டன் ஆட்டம் இதற்குச் சரியான சாட்சி. வாஷிங்டன் வீசி விளையாடும் அணி, மைக்கேல் பெனிக்ஸ் அவர்களது குவார்ட்டர்பேக். அப்படிப்பட்ட அணியின் ரன்னிங் பேக் டில்லன் ஜான்சன் 256 யார்டு ஓடி 4 டச்டவுன் போட்டார். 52-42 தோல்வி. மறுநாளே கிரிஞ்ச் நீக்கப்பட்டார்.

அவருக்கு நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். வாஷிங்டன் ஸ்டேட்டில் 2015 முதல் 2017 வரை இதே முறை அவருக்குப் பலன் தந்தது. வேகமான சிறிய ஆட்களை வைத்துப் பெரிய அணிகளோடு மோத அது நல்ல வழி. யு.எஸ்.சி. போன்ற வளமான இடத்தில் அந்த வழி தேவையே இல்லை என்பது என் எண்ணம்.

கேள்வி: ஒருவேளை நல்ல வீரர்களே இல்லையோ?

2022-ல் நாட்டிலேயே அதிகமாக 13.5 சாக் (குவார்ட்டர்பேக்கை வீசும் முன்பே சாய்ப்பது) எடுத்த துலி துய்புலோட்டு இந்த அணியில்தான் இருந்தார். ஆனால் முன்வரிசையின் நடுவில் ஆழம் இல்லை என்பது உண்மை. ஜார்ஜியாவின் 2021 பட்ட அணியிலிருந்து 2022 என்.எஃப்.எல். (தொழில்முறை லீக்) டிராஃப்டின் (கல்லூரி வீரர்களைத் தேர்வு செய்வதன்) முதல் சுற்றில் போன தடுப்பாட்டக்காரர்கள் மட்டும் ஐந்து பேர். அந்த அளவு ஆட்கள் யு.எஸ்.சி.யில் இல்லை. சேர்க்க முயற்சியும் போதவில்லை.

கேள்வி: அண்ணா, நான் லாஸ் ஏஞ்சலஸில் முதுகலை படிக்கிறேன். பழியெல்லாம் கிரிஞ்ச் மேல் போட்டுவிட்டு ரைலியை விட்டுவிடுகிறார்கள் என்று தோன்றுகிறது. சரியா?

சரிதான் தம்பி. இந்தக் கதை கிரிஞ்சோடு தொடங்கவில்லை.

ரைலி டெக்சஸ் டெக்கில் மைக் லீச்சிடம் படித்தவர். அங்கே ஆட வந்தவரை லீச் மாணவ உதவிப் பயிற்சியாளராக மாற்றினார். லீச்சின் முறைக்கு அடிப்படை, களத்தை அகலமாக விரித்து, வேகமாக, நிறைய வீசுவது. ரைலி அதில் கவுன்ட்டர் (ஒரு பக்கம் போவதுபோலக் காட்டி மறுபக்கம் ஓடுவது) போன்ற வலுவான ஓட்டங்களைச் சேர்த்து மெருகேற்றினார், அது அவருடைய பெருமை. ஆனால் ஓக்லஹோமாவில் அவர் இருந்தபோதே இதே காட்சிகள். 2018 ஜனவரி 1, ரோஸ் பவுலில் ஜார்ஜியாவிடம் இரண்டு கூடுதல் நேரத்துக்குப் பின் 54-48 தோல்வி. அதே ஆண்டு அக்டோபரில் டெக்சஸிடம் 48-45 தோற்றதும் அன்றைய தடுப்பாட்டப் பயிற்சியாளர் மைக் ஸ்டூப்ஸ் நீக்கப்பட்டார். 2019-ல் கிரிஞ்ச் வந்தார், பிறகு லாஸ் ஏஞ்சலஸுக்கும் கூடவே வந்தார். இரண்டு ஊர், இரண்டு தடுப்பாட்டப் பயிற்சியாளர், ஒரே தலைவர், ஒரே மாதிரித் தோல்வி.

நான் புரிந்துகொண்டவரை ரைலியின் அணிகளில் தடுப்பாட்டத்தின் வேலை, எதிரணியை அடக்குவது அல்ல, தாக்குதலுக்குப் பந்தைத் திருப்பிக் கொண்டுவருவது. அந்த ஒரு முடிவிலிருந்து மற்றதெல்லாம் வருகிறது. யாரைச் சேர்ப்பது, எந்த எடையில் வளர்ப்பது, பயிற்சியில் எதற்கு நேரம் ஒதுக்குவது, டேக்கிளா பறிப்பா என்று எதைப் பாராட்டுவது, எல்லாமே. கிரிஞ்ச் அந்த முடிவுக்குப் பொருத்தமான ஆள், அவ்வளவுதான். 2022 முடிந்ததும் அவரை மாற்றாமல் ரைலி வெளிப்படையாக ஆதரித்ததற்கும் இதுவே காரணம் என்று நினைக்கிறேன். அதன் விலை வில்லியம்ஸின் கடைசிக் கல்லூரி சீசன். 6 வெற்றி, 0 தோல்வி என்று தொடங்கி, பவுல் ஆட்டத்துக்கு முன் 7-5 என்று முடிந்தது. 2024 டிராஃப்டில் முதல் ஆளாகத் தேர்வான ஒருவர் ஒரு பிளே-ஆஃப் ஆட்டம்கூட ஆடாமல் அந்தப் பல்கலைக்கழகத்தை விட்டுப் போனார். அது எனக்கு இன்றும் ஆறவில்லை.

கேள்வி: அஃபென்ஸ் (தாக்குதல் அணி) சீக்கிரம் புள்ளி எடுத்துவிடுவதால் டிஃபென்ஸ் அதிக நேரம் களத்தில் நிற்கிறது, அதனால்தான் எண்கள் மோசம் என்கிறார்களே?

கொஞ்சம் உண்டு. ஆனால் ஆட்டக் கணக்கை விட்டு, ஒரு பிளேக்குச் (ஒவ்வொரு வாய்ப்புக்கும்) சராசரி எத்தனை யார்டு கொடுத்தார்கள் என்று பார்த்தாலும் யு.எஸ்.சி. பட்டியலின் அடிப்பகுதியில்தான் இருந்தது. 2023-ல் கொலராடோவுக்கு 41, அரிசோனாவுக்கு மூன்று கூடுதல் நேரத்தில் 41, கலிஃபோர்னியாவுக்கு 49. இந்த மூன்றும் யு.எஸ்.சி. வென்ற ஆட்டங்கள்.

கேள்வி: 2024-ல் டி'ஆன்டன் லின் வந்த பிறகு என்ன மாறியது?

நிறைய. லின் அதற்கு முந்தைய வருடம் ஊருக்குள்ளேயே போட்டி அணியான யு.சி.எல்.ஏ.வின் தடுப்பாட்டத்தை நடத்தியவர். அதற்கு முன் என்.எஃப்.எல்.லில் பால்டிமோர் ரேவன்ஸில் இருந்தார். 2023 நவம்பரில் அவருடைய அணி யு.எஸ்.சி.யை 38-20 என்று வீழ்த்தியது. சில வாரங்களில் ரைலி அவரையே அழைத்துவந்தார். கூடவே என்.எஃப்.எல்.லின் ராம்ஸ் அணியிலிருந்து முன்வரிசைக்கு எரிக் ஹெண்டர்சன், நார்த் டகோட்டா ஸ்டேட்டின் தலைமைப் பயிற்சியாளராக இருந்த மேட் என்ட்ஸ் லைன்பேக்கர்களுக்கு, ஹூஸ்டனிலிருந்து டக் பெல்க் பின்வரிசைக்கு. தடுப்பாட்டத்துக்கு இவ்வளவு மரியாதை கொடுத்து ரைலி ஆள் எடுத்தது இதுவே முதல்முறை.

களத்தில் முன்வரிசை சாய்ந்து பாய்வது குறைந்தது, கேப்பைப் பிடித்து நிற்பது கூடியது. டேக்கிள் தவறுவது குறைந்தது. புள்ளிச் சராசரி 34.4-லிருந்து 24.1-க்கு இறங்கியது, அதுவும் யு.எஸ்.சி. பேக்-12-லிருந்து பிக் டென் என்ற போட்டிக் குழுவுக்கு மாறிய முதல் வருடத்தில். ஒரே சீசனில் பத்துப் புள்ளி என்பது பெரிய திருத்தம்.

கேள்வி: அப்புறம் ஏன் 2024-ல் 7 வெற்றி, 6 தோல்வி?

ஏனென்றால் கடைசிக் கால் பகுதி. மிச்சிகன், மினசோட்டா, பென் ஸ்டேட், மேரிலாண்ட், வாஷிங்டன், இந்த ஐந்திலும் நான்காம் குவார்ட்டரில் முன்னிலையில் இருந்து தோற்றார்கள். மிச்சிகன் ஆட்டம் மிகக் கசப்பானது. அந்த நாள் முழுதும் மிச்சிகன் பாஸில் எடுத்தது வெறும் 32 யார்டு. ஓடத்தான் போகிறார்கள் என்று தெரிந்தே நின்றும், கடைசி முறை கலெல் மலிங்ஸ் 63 யார்டு ஓடினார், முடிய 37 விநாடி இருக்கையில் அவரே டச்டவுனும் போட்டார். 27-24 தோல்வி. இங்கே குறை திட்டத்தில் இல்லை. முன்வரிசையின் நடுவில் நான்காம் குவார்ட்டர்வரை தாங்கும் உடல்கள் போதவில்லை. அதைச் சேர்க்க ஒரு வருடம் போதாது.

சில எண்களைத் தடுப்பாட்டத்தின் கணக்கில் எழுதவும் கூடாது. நோட்ரடேமிடம் 49-35 தோற்ற ஆட்டத்தில் யு.எஸ்.சி. வீசிய இரண்டு பாஸ்களை எதிரணி பிடித்து (இன்டர்செப்ஷன்) 99, 100 யார்டு திருப்பி ஓடி டச்டவுன் ஆக்கியது. அந்தப் பதினான்கு புள்ளி தாக்குதல் அணி கொடுத்தது.

கேள்வி: என் மகன் டெக்சஸில் பள்ளி அணியில் லைன்பேக்கர். டேக்கிள் பயிற்சி என்றாலே எனக்குப் பயம். பாதுகாப்பாகவும் சரியாகவும் எப்படிச் செய்வது?

உங்கள் பயம் நியாயமானது அம்மா. தலையை முன்னே நீட்டி மோதுவது கூடவே கூடாது. தோளால் மோதி, தலையை எதிராளியின் உடலுக்குப் பக்கவாட்டில் வைத்து, இரண்டு கைகளாலும் தொடையைச் சுற்றிப் பிடித்துக் கீழே கொண்டுவருவதே சரியான முறை. பீட் கேரல் சியாட்டிலின் என்.எஃப்.எல். அணியில் இருந்தபோது, 2014-ல், ரக்பியிலிருந்து எடுத்த இந்தத் தோள் டேக்கிளை விளக்கி ஒரு பயிற்சி வீடியோவே வெளியிட்டார். மகனோடு சேர்ந்து பாருங்கள். பெரும்பாலான வேலை மெத்தையிலும் பையிலும்தான், ஆள் மேல் ஆள் மோதும் நேரம் குறைவாக இருக்கலாம். மகனின் பயிற்சியாளர் முறையைச் சொல்லித்தருகிறாரா, வெறுமனே மோதவிடுகிறாரா என்று கேளுங்கள்.

கேள்வி: அடுத்த ஆட்டம் டிவியில் பார்க்கும்போது தடுப்பாட்டம் தேறிவிட்டதா என்று எதைப் பார்த்துக் கண்டுபிடிப்பது?

பந்தைப் பார்க்காதீர்கள். பந்து நகர்ந்ததும் நடு லைன்பேக்கரின் முதல் அடியைப் பாருங்கள். முன்னே வைக்கிறாரா, பின்னே தயங்குகிறாரா? அடுத்து, ஓட்டக்காரரை முதலில் தொட்டவரே கீழே சாய்த்தாரா, இரண்டாவது ஆள் வர வேண்டியிருந்ததா என்று எண்ணுங்கள். மூன்றாவது வாய்ப்பில் எதிரணிக்கு ஒரு யார்டு, இரண்டு யார்டு தேவைப்படும் பிளேக்களைத் தவறவிடாதீர்கள். நான்காம் குவார்ட்டரிலும் அந்த இரண்டு யார்டைக் கொடுக்காமல் நின்றார்கள் என்றால் ஸ்கோர் என்னவாக இருந்தாலும் எனக்கு நிம்மதி.