அஞ்சல் தலைவரின் சம்பளத்தை செனட் ஏன் கேட்க வேண்டும்?

அன்புள்ள ஐயா,

அரசு நிறுவனத் தலைவர்களின் சம்பளத்தை நாடாளுமன்றம் கேட்டு வாங்கி வெளியிட வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு உடன்பாடில்லை. தனியார் நிறுவனங்களில் ஆள் எடுக்கும் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். நல்ல ஆள் வேண்டுமென்றால் நல்ல சம்பளம் கொடுத்தாக வேண்டும். அதைச் சந்தைதான் முடிவு செய்யும், எம்.பி.க்கள் அல்ல. நீங்கள் காட்டிய ஆஸ்திரேலிய அஞ்சல் நிறுவனமான ஆஸ்திரேலியா போஸ்ட்டையே எடுத்துக்கொள்வோம். 2017-இல் ஒரு தலைவரின் சம்பளத்தை அந்நாட்டு நாடாளுமன்றத்தின் மேலவையான செனட் வெளியிட்டது, அவர் போய்விட்டார். 2020-இல் அடுத்தவரைக் கைக்கடிகாரத்துக்காக விரட்டினார்கள். ஒரே நிறுவனத்தில் இரண்டு பேரைத் துரத்தியதுதான் மிச்சம். இப்படி இருந்தால் திறமையுள்ளவர் யார் வருவார்? இந்தியாவிலும் இது வேண்டும் என்கிறீர்களா?

எஸ்.,
திருச்சி

அன்புள்ள எஸ்.,

நீங்கள் சொல்லும் இரண்டு சம்பவங்களும் உண்மைதான். ஆனால் இரண்டையும் ஒன்றாகக் கட்டுகிறீர்களே, அங்கேதான் எனக்கு மறுப்பு. 2017-இல் செனட் செய்தது அதன் வேலை. 2020-இல் தவறு நடந்தது, ஆனால் அதைச் செய்தது வேறு இடம்.

முதலில் 2017. அகமது ஃபஹூர் வங்கித் துறையிலிருந்து வந்து 2010 முதல் ஆஸ்திரேலியா போஸ்ட்டை நடத்தியவர். அது முழுக்க அரசுக்குச் சொந்தமான நிறுவனம். 2014-15 நிதியாண்டில் 22.2 கோடி ஆஸ்திரேலிய டாலர் நஷ்டம் காட்டியது. முப்பது வருடத்தில் முதல் நஷ்டம் என்று சொல்லப்பட்டது. அதே காலத்தில் 1,900 வேலைகள் குறைக்கப்படும் என்று அறிவித்தார்கள். 2016 ஜனவரியில் சாதாரணக் கடிதத்துக்கான தபால்தலை 70 சென்டிலிருந்து 1 டாலர் ஆனது. கடிதங்கள் குறைந்துகொண்டே வந்த காலம், அதனால் இந்த முடிவுகளை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அடுத்த ஆண்டறிக்கையில் உயர் அதிகாரிகள் ஒவ்வொருவரின் சம்பளத்தையும் தனித்தனியாகப் போடும் வழக்கத்தை நிறுவனம் விட்டுவிட்டது. செனட் குழு கேட்டபோது விவரத்தைக் கொடுத்தது. கூடவே, இதை ரகசியமாக வைத்திருங்கள், வெளியே போனால் ஊடகங்களின் தேவையற்ற கவனம் வரும், நிறுவனத்தின் பெயர் கெடும் என்றும் கேட்டுக்கொண்டது.

குழு அந்தக் கோரிக்கையை ஏற்கவில்லை, வெளியிட்டது. 2015-16-இல் ஃபஹூருக்குக் கிடைத்தது 56 லட்சம் டாலர். சம்பளம் சுமார் 44 லட்சம், போனஸ் 12 லட்சம். பிரதமரின் சம்பளத்தைப் போலப் பத்து மடங்கு. அன்றைய பிரதமர் மால்கம் டர்ன்புல் தொழிலதிபராக இருந்தவர், பெரிய சம்பளத்தைப் பார்த்து மிரளுகிறவர் இல்லை. அவரே இது அதிகம் என்று வெளிப்படையாகச் சொன்னார். அதே மாதம் ஃபஹூர் பதவி விலகுவதாக அறிவித்தார், சம்பளச் சர்ச்சை அதற்குக் காரணமில்லை என்றும் சொன்னார்.

இதில் செனட் யாரைத் துரத்தியது? ஒரு எண்ணைக் கேட்டது, கிடைத்ததும் வெளியிட்டது. அவ்வளவுதான். சந்தை முடிவு செய்யும் என்கிறீர்கள். தனியார் கம்பெனியில் அந்தச் சந்தைக்குப் பங்குதாரர்கள் இருக்கிறார்கள்; பங்குச் சந்தையில் பட்டியலிட்ட நிறுவனங்கள் தலைவரின் சம்பளத்தை ஆண்டறிக்கையில் போட்டே ஆக வேண்டும். இங்கே பங்குதாரர் யார்? ஒரு டாலர் கொடுத்துத் தபால்தலை வாங்குகிறவரும் வேலை போன தொழிலாளியும் சேர்ந்த அந்த நாட்டு மக்கள். அவர்கள் சார்பில் கேட்க நாடாளுமன்றத்தை விட்டால் வேறு யாரும் இல்லை.

அங்கே செனட் விசாரணை எப்படி நடக்கிறது என்பதையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1970-இல் தொடங்கிய வழக்கம் அது. வருடத்தில் சில தடவை, ஒவ்வொரு துறையின் செலவையும் குழுக்கள் வரிசையாக எடுத்துக் கேள்வி கேட்கும். நேரடி ஒளிபரப்பு உண்டு. அமைச்சர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார், பதில் சொல்வது பெரும்பாலும் அதிகாரிகள். கொள்கை சரியா தவறா என்று அதிகாரியின் சொந்தக் கருத்தைக் கேட்கக் கூடாது. கையில் தகவல் இல்லையென்றால் எழுத்தில் தருகிறேன் என்று சொல்லலாம், பிறகு கொடுத்தாக வேண்டும். பொதுப் பணம் செலவான எந்த விஷயத்திலும், நாடாளுமன்றமே வெளிப்படையாக விலக்கு தந்தால் ஒழிய, விவரத்தை மறைக்க யாருக்கும் உரிமையில்லை என்பது செனட் தீர்மானமாகவே போட்டுவைத்திருக்கும் விதி. எனக்கு மிகவும் பிடித்த விதி இது. அதிகாரியையும் இது காப்பாற்றுகிறது. எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்பது முன்கூட்டியே தெரியும்.

நல்ல ஆள் வரமாட்டார் என்ற உங்கள் கவலைக்கும் அந்த நிறுவனத்திலேயே பதில் இருக்கிறது. ஃபஹூருக்குப் பிறகு அந்தப் பதவியின் சம்பளம், சுதந்திரமான ஊதியத் தீர்ப்பாயத்தின் வரம்புக்குள் வந்தது. அடிப்படை 13.75 லட்சம், போனஸ் சேர்த்தால் அதிகபட்சம் 27.5 லட்சம் டாலர். ஏறக்குறைய பாதி. அதைத் தெரிந்துகொண்டுதான் கிறிஸ்டின் ஹோல்கேட் வந்தார். பிளாக்மோர்ஸ் என்ற பெரிய தனியார் நிறுவனத்தின் தலைவராக இருந்தவர், திறமையில் யாருக்கும் குறைந்தவர் இல்லை. சம்பளம் ஊருக்கே தெரிந்தும் ஆள் வந்தார் பாருங்கள்.

சரி, இப்போது அவருக்கு நடந்தது. கிராமப்புறங்களில் வங்கிக் கிளைகள் ஒவ்வொன்றாக மூடப்பட, பணம் போடவும் எடுக்கவும் பல ஊர்களில் தபால் நிலையம்தான் மிச்சம். அந்தச் சேவைக்கு மூன்று பெரிய வங்கிகள் நியாயமான கட்டணம் தரும்படி 2018-இல் ஒரு ஒப்பந்தம் முடிந்தது. உரிமம் எடுத்துச் சிறிய தபால் நிலையங்களை நடத்துகிறவர்களுக்கு அது பெரிய ஆறுதல். அதில் உழைத்த நான்கு அதிகாரிகளுக்கு ஹோல்கேட் கார்ட்டியே என்ற விலையுயர்ந்த கைக்கடிகாரங்கள் கொடுத்தார். நான்கும் சேர்ந்து 19,950 டாலர்.

2020 அக்டோபர் 22 அன்று செனட்டர் கிம்பர்லி கிட்சிங் இதைக் கேட்டார். வரிப்பணம் இல்லை, நாங்கள் வணிக நிறுவனம் என்று ஹோல்கேட் சொன்னார். அந்தப் பதில் போதாது என்பது என் கருத்து. நிறுவனம் அரசுக்குச் சொந்தம் என்றால் அதன் பணமும் பொதுப் பணம்தான். கேள்வி நியாயமானது, கேட்ட இடமும் சரி. தவறு அன்று பிற்பகல் கீழவையில் நடந்தது. பிரதமர் ஸ்காட் மாரிசன் எழுந்து, அவரை ஒதுங்கி நிற்கச் சொல்லியாயிற்று, விருப்பமில்லை என்றால் போகலாம் என்று உரத்த குரலில் முழங்கினார். விசாரணை தொடங்கவே இல்லை, அதற்குள் தீர்ப்பு வந்துவிட்டது. நவம்பர் 2-ஆம் தேதி ஹோல்கேட் பதவி விலகினார்.

பிறகு ஒரு சட்ட நிறுவனம் விசாரித்தது. பொதுப் பணத்துக்கான விதிகளோடு அந்தப் பரிசு பொருந்தவில்லை என்றது, ஆனால் நேர்மையின்மையோ மோசடியோ ஊழலோ இல்லை என்றும் சொன்னது. கண்டித்து ஒரு கடிதம் அனுப்பி முடித்திருக்க வேண்டிய விஷயத்துக்கு ஒரு பெண்ணின் பதவியும் பெயரும் போயின. இதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

அவருக்குப் பேச இடம் கொடுத்தது யார் தெரியுமா? நீங்கள் குறை சொல்லும் அதே செனட். 2021 ஏப்ரலில் ஒரு குழு அவரை அழைத்து, தன் தரப்பை முழுக்கச் சொல்ல விட்டது. தபால் நிலையம் நடத்துகிறவர்கள் அவர் பக்கம் நின்றார்கள். பிரதமர் மன்னிப்புக் கேட்க வேண்டும், நிறுவனத்தின் வாரியத் தலைவர் விலக வேண்டும் என்று மே மாதம் அந்தக் குழு பரிந்துரைத்தது. ஆகஸ்டில் நிறுவனம் அவருக்கு 10 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது.

இந்தியாவிலும் வேண்டுமா என்று கேட்டீர்கள். கட்டாயம் வேண்டும். நம் பொதுத்துறை நிறுவனங்களில் தலைவரின் சம்பளம் அரசு நிர்ணயித்த விகிதத்தில்தான் வரும், அதனால் 56 லட்சம் டாலர் போன்ற அதிர்ச்சி நமக்கு வராது. நம் சிக்கல் நியமனத்தில். தேர்வுக் குழு ஒரு பெயரைத் தரும், அமைச்சரவையின் நியமனக் குழு ஒப்புதல் தரும், நாடாளுமன்றத்துக்கு அதில் பங்கில்லை. 1964 முதல் பொதுத்துறை நிறுவனங்களுக்கான நாடாளுமன்றக் குழு இருக்கிறது, ஆனால் அதன் கூட்டங்கள் மூடிய கதவுக்குள் நடக்கின்றன. அறிக்கை வரும்போது பெரும்பாலும் விஷயம் ஆறிப்போயிருக்கும். பொதுத்துறைக்கு வெளியிலும் நியமனச் சிக்கல் இதேதான். மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையராக பி.ஜே. தாமஸ் 2010-இல் நியமிக்கப்பட்டபோது, தேர்வுக் குழுவில் இருந்த எதிர்க்கட்சித் தலைவர் சுஷ்மா ஸ்வராஜ் எதிர்த்தார். தாமஸ் மேல் கேரளாவின் பாமாயில் இறக்குமதி ஊழல் வழக்கு நிலுவையில் இருந்தது. எதிர்ப்பை மீறி நியமித்தார்கள். 2011 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த நியமனத்தை ரத்து செய்தது. வேட்பாளரை ஒரு நாள் நாடாளுமன்றக் குழு முன் உட்கார வைத்து, அந்த வழக்கைப் பற்றி எல்லோரும் கேட்கும்படி ஒரு கேள்வி கேட்டிருந்தால், விஷயம் நீதிமன்றம் வரை போயிருக்காது என்றே நினைக்கிறேன்.

ஆள் எடுக்கும் வேலையில் இருந்தவர் நீங்கள். ஒருவரை உயர்பதவிக்கு எடுக்குமுன் அவருடைய பழைய விவகாரங்களை விசாரிக்காமல் விட்டிருப்பீர்களா?

அன்புடன்.