ரேம் கூட்டினதும் லேன் அறுந்தா ரேமைக் குறை சொல்லாதீங்க

பாலக்கோடு சென்டர்ல பழைய லேப்டாப்புக்கு ரேமை 4 ஜிபி ஆக்கினதிலிருந்து லினக்ஸ்ல லேன் (கேபிள் வழி நெட்வொர்க்) அறுந்து அறுந்து வருதுன்னு எழுதியிருந்தீங்க. ரேம் நல்லாத்தான் இருக்குங்க. நீங்க போட்ட லாக்ல பி44 (b44) டிரைவர்னு இருக்கே, அது ஓட்டுற லேன் சிப்புக்கு டிஎம்ஏ (பிராசஸர் இல்லாம நேரா ரேமைத் தொடுற வழி) முகவரி 30 பிட்தான். அதாவது ரேம்ல முதல் 1 ஜிபிக்கு மேல அதுக்குக் கண்ணே தெரியாது. அனுப்ப வேண்டிய பாக்கெட் அதுக்கு மேல இருந்தா, டிரைவர் கீழே பவுன்ஸ் பஃபர்னு ஒரு தற்காலிக இடம் வாங்கி அதுல காப்பி பண்ணும். அந்த பஃபர் வர்ற டிஎம்ஏ ஸோன்ங்கிற ரேம் பகுதி எக்ஸ்86ல (இன்டெல், ஏஎம்டி பிராசஸர் வகை) வெறும் 16 எம்பி. இடம் கிடைக்கலேன்னா பாக்கெட் அங்கேயே நிக்கும்.

லினக்ஸ் கர்னலோட பூட் வரியில mem=1G-ன்னு போட்டு ரேமை 1 ஜிபிக்குள்ள கட்டிட்டு ஒரு நாள் ஓட்டிப் பாருங்க. அறுபடலேன்னா காரணம் இதுதான். அப்புறம் அந்த mem=1G-ஐ எடுத்துட்டு, இந்த சிப்புக்குப் பதிலா யூஎஸ்பி லேன் அடாப்டர் மாட்டிடுங்க. ஓசூர்ல நான் பார்த்த ஒரு மெஷினுக்கு அப்படித்தான் செஞ்சேன், 4 ஜிபியும் வீணாகல.